புட்டிப்பாலில் எவ்வளவு இரும்பு?

ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ 0.3 மில்லிகிராம். அமெரிக்கக் கடைகளில் விற்கும் குழந்தைப் பால்மாவைக் கரைத்து ஒரு லிட்டராக்கினால் அதில் சுமார் 12 மில்லிகிராம் இருக்கும். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் குடிக்கும் மூன்று மாதக் குழந்தை தாய்ப்பாலில் கால் மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பைப் பெறுகிறது. அமெரிக்கப் புட்டிப்பாலில் 9 மில்லிகிராம் பெறுகிறது. நாற்பது மடங்கு வித்தியாசம். விழுங்குவதெல்லாம் உடலில் சேர்வதில்லை என்பது உண்மைதான். தாய்ப்பாலின் இரும்பில் பாதி வரை சேரும் என்பது பழைய கணக்கு, பின்னால் வந்த அளவீடுகள் அதைக் கொஞ்சம் குறைத்தே காட்டுகின்றன. மாவுப்பாலில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால் பெரிது. இதையெல்லாம் கழித்த பிறகும் புட்டிப்பால் குழந்தையின் உடலுக்குள் பல மடங்கு அதிக இரும்பு போகிறது. ஒரே வயதும் ஒரே தேவையும் உள்ள இரண்டு குழந்தைகளுக்கு இப்படி இருவேறு அளவுகள் எங்கிருந்து வந்தன, இதில் குழந்தைக்கு நல்லது எது என்ற கேள்வி குழந்தை மருத்துவத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓய்ந்தபாடில்லை.

குழந்தை வெறுங்கையோடு பிறப்பதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். நிறைமாதத்தில் பிறக்கும் சிசுவின் உடலில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் 75 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பெரும்பகுதி ரத்தத்தின் ஹீமோகுளோபினில், மீதி கல்லீரலிலும் மற்ற திசுக்களிலும். கருப்பையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கே சிவப்பணுக்கள் அதிகம் தேவைப்பட்டன. வெளியே வந்து மூச்சுவிடத் தொடங்கியதும் அத்தனை தேவையில்லை. உபரி அணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்பு கிடங்குக்குப் போய்ச் சேர்கிறது. பிறந்த எடை இரட்டிப்பாகும் வரை, அதாவது நான்கிலிருந்து ஆறு மாதம் வரை, இந்தச் சேமிப்பே குழந்தையைத் தாங்கிவிடும். பாலில் இரும்பு இவ்வளவு குறைவாக இருந்தும் குட்டிகள் எப்படி வளர்கின்றன என்ற புதிருக்கு இந்தக் கிடங்குதான் விடை என்று உடலியலாளர் குஸ்டாவ் ஃபான் புங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விளக்கினார்.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் கிடங்கு ஒரே அளவில் நிரம்பியிருப்பதில்லை. இரும்பு பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து வந்து சேர்கிறது. குறைமாதக் குழந்தையும், எடை குறைந்து பிறந்த குழந்தையும், இரட்டைக் குழந்தைகளும் பாதிக் கிடங்கோடுதான் வருகின்றன. தாய்க்குக் கடுமையான ரத்தசோகையோ கட்டுப்படாத சர்க்கரை நோயோ இருந்தாலும் அளவு குறையலாம். பிரசவ அறையில் நடக்கும் ஒரு சிறு செயலும் இதைத் தீர்மானிக்கிறது. தொப்புள்கொடியை உடனே கவ்வி அறுக்காமல் இரண்டு நிமிடம் பொறுத்தால் ஆறாம் மாதத்தில் குழந்தையின் உடலில் 27 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக இருக்கிறது என்று மெக்ஸிகோவில் நடந்த ஆய்வு 2006இல் காட்டியது. ஸ்வீடனில் 2011இல் வெளியான ஆய்வில், மூன்று நிமிடம் பொறுத்த குழந்தைகளில் நான்காம் மாதத்தில் இரும்புக் குறைபாடு 0.6 சதவீதம், உடனே அறுத்தவர்களில் 5.7 சதவீதம். காசு செலவில்லாத, மருந்தில்லாத இந்த வழியைப் பற்றி நம் குடும்பங்களில் பேச்சே எழுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பாலில் இரும்பைச் சேர்த்துப் பார்த்த முன்னோடி ஹெலன் மெக்கே. லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் வரும் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகள் வெளிறிப்போய் அடிக்கடி நோயில் விழுவதைக் கண்டு, உலர்த்திய பாலில் இரும்பு உப்பைக் கலந்து கொடுத்தார். ஹீமோகுளோபின் ஏறியது, சளியும் பேதியும் குறைந்தன என்று 1928இலும் 1931இலும் பதிவு செய்தார். லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி தன் ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்த முதல் பெண்மணியும் அவரே. இருந்தும் அவர் கண்டறிந்தது தொழிற்சாலைப் பால்மாவுக்குள் நுழைய முப்பது ஆண்டு பிடித்தது. அமெரிக்காவில் இரும்பு சேர்த்த முதல் பால்மா 1959இல் விற்பனைக்கு வந்தது.

வந்ததும் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. இரும்பு சேர்ந்த பால் குடித்தால் குழந்தைக்கு வயிறு உப்புகிறது, மலம் கட்டுகிறது, இரவெல்லாம் அழுகிறது என்று தாய்மார்கள் சொன்னார்கள், மருத்துவர்களும் நம்பினார்கள். கம்பெனிகள் இரும்பு குறைந்த ரகத்தையும் தனியாக விற்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஆஸ்கி 1980இல் 93 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, எந்தப் பால் எதில் என்று தாய்க்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார். அழுகையிலும் வாந்தியிலும் மலச்சிக்கலிலும் வேறுபாடு தெரியவில்லை. 1988இல் வேறொரு குழு செய்த சோதனையும் அதையே சொன்னது. மலத்தின் நிறம் கறுத்துப் பச்சையாகலாம், அவ்வளவுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதெமி 1999இல், இரும்பு குறைந்த ரகத்தைத் தயாரிப்பதையே நிறுத்த வேண்டும் என்று அறிக்கை விட்டது. இன்றும் நம் ஊரில் 'இரும்பு சூடு, வயித்தைக் கட்டும்' என்று டப்பாவை மாற்றும் வீடுகள் இருக்கின்றன. மாவுப்பாலில் உள்ள அளவுக்கு அந்தப் பயம் ஆதாரமற்றது.

இரும்பு சேர்த்த பாலின் வெற்றியை மறுக்க முடியாது. அமெரிக்காவின் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு உணவுத் திட்டம் வழியாக இந்தப் பால்மா சேரத் தொடங்கிய பிறகு, அந்தக் குழந்தைகளிடையே ரத்தசோகை 1975இல் 7.8 சதவீதமாக இருந்தது 1985இல் 2.9 சதவீதமாக இறங்கியது. உணவு மேம்பாடும் இதில் பங்கு வகித்திருக்கும். ஆனாலும் பால்மாவின் பங்கு பெரிது என்பதில் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், சாதாரண மாட்டுப்பாலுக்கு மாறிவிட்ட ஏழைக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இரும்பு சேர்த்த பால் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களின் வளர்ச்சித் திறன் மற்றவர்களைப் போல அவ்வளவு பின்தங்கவில்லை என்று 1999இல் தெரிந்தது.

ரத்தசோகையைத் தாண்டி, மூளையைப் பற்றிய கவலைதான் இந்தக் கேள்விக்கு அவசரத்தைக் கொடுத்தது. நரம்பிழைகளின் மேலுறை உருவாவதற்கும், டோபமைன் போன்ற நரம்பு வேதிப்பொருள்கள் சுரப்பதற்கும், நினைவைத் தாங்கும் பகுதிகள் வளர்வதற்கும் இரும்பு வேண்டும். இரும்புக்குத் தட்டுப்பாடு வரும்போது உடல் முதலில் சிவப்பணுவுக்கே கொடுக்கிறது. ஆகவே ரத்தத்தில் குறைவு தெரியும் நாளுக்கு முன்பே மூளை பட்டினி கிடந்திருக்கலாம். பெட்ஸி லோஸாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோஸ்டா ரிக்காவில் ரத்தசோகை கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்து, அவர்களைப் பள்ளி வயதிலும் பதின்பருவத்திலும் பின்தொடர்ந்தார். ஹீமோகுளோபின் சரியான பிறகும் கற்றலிலும் கவனத்திலும் அவர்களில் பலர் பின்தங்கியே இருந்தார்கள். வறுமையும் வீட்டுச் சூழலும் இதில் கலந்திருக்கும் என்பதை அவரே ஒப்புக்கொண்டவர். ஆனால் வந்தபின் குணப்படுத்துவதைவிட வராமல் தடுப்பதே வழி என்ற முடிவுக்கு உலகம் வந்ததற்கு அந்த ஆய்வுகள் முக்கியக் காரணம்.

தடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கவே லோஸாஃப் சிலி நாட்டுக்குப் போனார். தலைநகர் சாந்தியாகோவில் தோமாஸ் வால்ட்டர் குழுவோடு 1990களின் தொடக்கத்தில் ஒரு பெரிய சோதனை. ரத்தசோகை இல்லாத, நிறைமாதத்தில் பிறந்த, நலமான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை இரும்பு சேர்த்த பால் அல்லது இரும்பு சேர்க்காத பால். முதற்கட்ட விடை தெளிவானது: இரும்பு சேராத கூட்டத்தில் 22.6 சதவீதம் பேருக்கு ஒரு வயதில் இரும்புக்குறை ரத்தசோகை. இரும்பு பெற்றவர்களில் 3.1 சதவீதம். இரும்பு பெறாத குழந்தைகள் தவழத் தொடங்கியதும் சற்றுத் தாமதமாகத்தான்.

அந்தச் சோதனைக்குள் இன்னொரு சோதனை இருந்தது. இரும்பு பெற்ற குழந்தைகளில் சிலருக்கு லிட்டருக்கு 12.7 மில்லிகிராம், சிலருக்கு 2.3 மில்லிகிராம். பெருமளவு, சிற்றளவு இரண்டும் ஒரு வயதில் ரத்தசோகையை ஏறத்தாழ ஒன்றாகவே தடுத்தன. அந்தக் குழந்தைகளுக்குப் பத்து வயதானபோது 473 பேரை மறுபடி அழைத்துத் தேர்வு வைத்தார்கள். அதிக இரும்பு பெற்றவர்கள் மேம்பட்டிருப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது வேறு. எல்லா அளவைகளிலும் 12.7 கூட்டம் சற்றுப் பின்னால் நின்றது. இடம்சார்ந்த நினைவிலும், கண்ணும் கையும் இணைந்து செய்யும் வேலையிலும் அந்த வித்தியாசம் தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்கு இருந்தது. இன்னும் கூர்ந்து பார்த்தபோது ஒரு பிளவு தெரிந்தது. ஆறாம் மாதத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10.5 கிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதிக இரும்பு நன்மை செய்திருந்தது. 12.8க்கு மேலே இருந்தவர்களுக்குத் தீமை செய்திருந்தது. பதினாறு வயதில் மறுபடி பார்த்தபோதும் அதிக இரும்பு பெற்றவர்கள் காட்சி நினைவு, கணக்கு, வாசித்துப் புரிதல் ஆகியவற்றில் குறைந்தே இருந்தார்கள்.

இந்த ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. இரு முனைகளிலும் இருந்த குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு. சராசரி வித்தியாசங்களும் சிறியவை. சோதனையில் சேர்ந்த எல்லோரும் பத்து வயதில் திரும்பி வரவில்லை. ஆனால் கேள்வியை இந்த ஆய்வு நிரந்தரமாக மாற்றிவிட்டது என்று நான் நினைக்கிறேன். அதுவரை எல்லோரும் இரும்பு போதுமா என்று மட்டுமே கேட்டார்கள். யாருக்குப் போதும், யாருக்கு மிகும் என்று கேட்டவர்கள் குறைவு.

மிகுதி தீமை செய்யக்கூடும் என்பதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. வளர்ந்தவரின் குடல், கிடங்கு நிரம்பியதும் இரும்பை உள்ளே விடாமல் கதவை மூடிக்கொள்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருளே அந்தக் காவலாளி. ஆனால் ஸ்வீடனின் மாக்னுஸ் டொமெல்லோஃப் குழுவின் அளவீடுகளின்படி, ஆறு மாதக் குழந்தையின் உடல் தன் தேவைக்கேற்ப உட்கிரகிப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யவில்லை. ஒன்பதாம் மாதத்தில்தான் அந்தத் திறன் தெரியத் தொடங்கியது. அதற்கு முன் கொடுப்பது வேண்டியதா வேண்டாததா என்று பாராமல் உள்ளே போய்விடும். சேராத மிச்சமோ குடலிலேயே தங்கி அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். தாய்ப்பாலில் லாக்டோஃபெரின் என்ற புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, தீய பாக்டீரியாக்களுக்கு அது எட்டாமல் செய்கிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவாக இருப்பதைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. அதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. கென்யாவில் குழந்தைகளின் கஞ்சியில் இரும்புள்ள சத்துப்பொடியைக் கலந்தபோது குடலில் ஈ.கோலை வகைப் பாக்டீரியாக்கள் பெருகின, குடல் அழற்சியின் அடையாளங்கள் கூடின என்று 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நியூஸிலாந்தில் 1970களில் பாலினேசியக் குழந்தைகளுக்குப் பிறந்ததும் இரும்பு ஊசி போட்டார்கள். ரத்தத்தில் கடும் தொற்று பெருகியது. ஊசியை நிறுத்தியதும் அது வெகுவாகத் தணிந்தது. தான்சானியாவின் பெம்பா தீவில், மலேரியா மிகுந்த இடத்தில், இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த குழந்தைகளில் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் 12 சதவீதம் கூடின. 2006இல் வெளியான அந்த முடிவு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளையே மாற்றியது.

ஊசியும் சொட்டு மருந்தும் வேறு, நாள் முழுக்கப் பாலில் கலந்து சிறிது சிறிதாகப் போவது வேறு. இதை மறந்தால் அநாவசியப் பீதிதான் மிஞ்சும். டெல்லியின் குழந்தை மருத்துவர்கள் எச்.பி.எஸ். சச்தேவும் தருண் கெராவும் 28 ஆய்வுகளைத் திரட்டி 2002இல் எழுதிய மதிப்பீட்டில், இரும்பு மொத்தத் தொற்றுகளைக் கூட்டவில்லை என்று கண்டார்கள். பேதி மட்டும் சற்று, சுமார் 11 சதவீதம், கூடியிருந்தது.

உடல் வளர்ச்சியில் படம் இவ்வளவு கூர்மையாக இல்லை. இந்தோனேசியாவில் இரும்பு போதுமான அளவு இருந்த ஒரு வயதுக் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் கொடுத்தபோது அவர்கள் எடை கூடும் வேகம் குறைந்தது (1994). ஸ்வீடனிலும் ஹோண்டுராஸிலும் சொட்டு மருந்து பெற்ற, குறைபாடில்லாத குழந்தைகளின் நீளம் கூடுவது சற்று மந்தப்பட்டது (2002). இந்த இரண்டிலும் இரும்பு மருந்தாகத் தரப்பட்டது. சிலிக் குழந்தைகளைப் பற்றிய 2009 ஆய்வில், போதுமான இரும்புள்ளவர்களின் வளர்ச்சியை இரும்பு தடுக்கவில்லை. இரும்பு கொடுத்தால் குழந்தை உயரும், பருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கும் ஆதாரம் இல்லை. சச்தேவ் குழுவின் 2006 திரட்டலில் ஒட்டுமொத்தமாக வளர்ச்சியில் எந்தப் பலனும் காணப்படவில்லை. 'இரும்பு டானிக் குடித்தால் புள்ளை புஷ்டியாகும்' என்பதை நாம் கைவிடலாம்.

மறுபக்கம், குறைவுள்ள குழந்தைக்கு இரும்பை மறுப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கும் ஸ்வீடனே சான்று. 2 முதல் 2.5 கிலோ எடையில் பிறந்த 285 குழந்தைகளில் சிலருக்கு ஆறாம் வாரம் முதல் ஆறாம் மாதம் வரை சொட்டு மருந்து. மூன்றரை வயதில், மருந்து பெறாதவர்களில் 12.7 சதவீதம் பேரிடம் நடத்தைச் சிக்கல்கள். பெற்றவர்களில் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே நாடு, ஒரே மருத்துவமுறை. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இரும்பு வரம், கிடங்கு நிரம்பிப் பிறந்த குழந்தைக்கு அதே இரும்பு சுமை.

இனிப் புட்டிப்பாலின் அளவுக்கு வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, முதல் ஆறு மாதத்துக்கான மாட்டுப்பால் மாவில் 100 கிலோகலோரிக்கு 0.3 முதல் 1.3 மில்லிகிராம் இரும்பு இருக்கலாம் என்கிறது. லிட்டருக்குச் சுமார் 2 முதல் 8.7. ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கான மாவுக்கு 100 கிலோகலோரிக்கு 0.6 முதல் 2 மில்லிகிராம். அமெரிக்காவின் வழக்கமான 12 மில்லிகிராம் இந்த முதல் வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஸ்வீடனில் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் மட்டுமே உள்ள பாலும் ஆறு மாதம் வரை போதுமானதாக இருந்தது என்று ஆய்வாளர்கள் ஹெர்னெல், லோன்னெர்டால் இருவரும் 2002இல் காட்டினார்கள். 8 மில்லிகிராமை 2 ஆகக் குறைத்தாலும் நான்காம், ஆறாம் மாதங்களில் இரும்புக் குறைபாடு கூடவில்லை என்று 2021இல் வெளியான இன்னொரு ஸ்வீடன் ஆய்வும் சொல்கிறது. ஆதாரங்களை எடைபோட்டால் என் முடிவு இது: நிறைமாதக் குழந்தைக்கு முதல் ஆறு மாதத்தில் 12 மில்லிகிராம் தேவையில்லை, ஐரோப்பிய அளவே பாதுகாப்பானது; இரும்பே சேராத பாலுக்கு எந்த வயதிலும் நியாயம் இல்லை.

ஸ்வீடன் குழந்தையின் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே தாய்மாரிடையே ரத்தசோகை குறைவு, எடை குறைந்து பிறப்பதும் அரிது. இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4. விரல் நுனி ரத்தத்தில் எடுத்த இந்த அளவுகள் மிகைப்படக்கூடும் என்ற வாதம் உண்டு. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்த 2016–18 தேசிய ஆய்வு, ஒன்று முதல் நான்கு வயதினரில் சுமார் 41 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. அதுவும் சிறிய எண் இல்லை.

நம் வீடுகளில் பெரிய ஆபத்து பால்மாவில் இரும்பு கூடிப்போவது அன்று. ஐந்தாறு மாதத்திலேயே பசும்பாலுக்கோ பாக்கெட் பாலுக்கோ தாவுவதுதான். ஒரு லிட்டர் மாட்டுப்பாலில் இரும்பு அரை மில்லிகிராம் அளவுதான், அதிலும் உடலில் சேர்வது சொற்பம். அதிலுள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும் மற்ற உணவின் இரும்பையும் தடுக்கின்றன. சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் அது உண்டாக்குகிறது. அதோடு தண்ணீரும் சேர்த்து நீர்த்துப்போனால் ஊட்டம் இன்னும் குறைகிறது. பால்மாவு தீர்ந்துவிடக் கூடாது என்று கரண்டியைக் குறைத்துக் கலக்குவதும் இதே தவறுதான். ஒரு வயதுக்கு முன் மாட்டுப்பாலைப் பிரதான பானமாக்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

பால்மாவு தேவைப்படும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே நேரம், 1992ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பால்மாவு விளம்பரத்தைத் தடைசெய்திருப்பது மிகச் சரியான காரியம். தாய்ப்பாலின் இரும்புக் குறைவைக் காட்டி மாவை விற்க எவருக்கும் இடம் தரக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கு அதற்குள் இரும்புப் பஞ்சம் வருவது அரிது.

ஆறு மாதத்துக்குப் பிறகுதான் உண்மையான சோதனை. அப்போது பால் மட்டும், எந்தப் பாலானாலும், போதாது. கேழ்வரகுக் கூழில் இரும்பு உண்டு, ஆனால் தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் தளரும். அசைவம் சாப்பிடும் வீடுகளில் ஆட்டு ஈரலையும் சுவரொட்டியையும் வேகவைத்து மசித்துக் கொடுக்கும் பாட்டிகளின் வழக்கம் ரத்தம் ஊறுவதற்கு நல்ல வழி. அரசின் அனீமியா முக்த் பாரத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி சிரப் தருகிறார்கள், அதில் 20 மில்லிகிராம் இரும்பு. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பங்களாதேஷில் 3,300 எட்டு மாதக் குழந்தைகளை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் இரும்பு கொடுத்தது ரத்தசோகையைக் குறைத்தது. அறிவு வளர்ச்சியில் உடனடி மாற்றம் எதையும் காட்டவில்லை.

பால்மாவு கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். டப்பாவின் பின்பக்க அட்டவணையில் 100 கிலோகலோரிக்கு இரும்பு எவ்வளவு என்று பாருங்கள். குழந்தையின் பிறப்பு எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது, உங்களுக்குக் கர்ப்பகாலத்தில் ரத்தசோகை இருந்ததா என்ற மூன்று விவரங்களோடு அந்த எண்ணையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலம் கறுக்கிறது என்று மாவை மாற்றாதீர்கள்; தெம்புக்கென்று இரும்பு டானிக்கை நீங்களாக வாங்கிக் கூடுதலாகப் புகட்டவும் செய்யாதீர்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது ஹீமோகுளோபின் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.